சீரியல் நம்பரை வச்சு ஜாதகம் எழுதாதீங்க

டிஸ்கி: வால்வு ஆம்ப்ளிஃபையர்ல பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டருக்குள்ள முந்நூறு வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கும். இந்தப் பதிவைப் படிச்சுட்டு உடனே ஸ்க்ரூ டிரைவரோட கிளம்பற புண்ணியவான்கள், அதை டிஸ்சார்ஜ் பண்ணத் தெரிஞ்ச ஆளைப் பக்கத்துல வச்சுக்கோங்க. கை சுட்டா கம்பெனி பொறுப்பில்லை.

சரி, விஷயத்துக்கு வரேன். ரெண்டு மாசமா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கு, எழுதிட்டா தேவலை.

எங்க தெருவுல ஒரு மைக் செட் குடும்பம். அப்பாரு காலத்துல ஆரம்பிச்சது, பேரன் வரைக்கும் ஓடி இப்ப நிறுத்தியாச்சு. கூம்பு ஸ்பீக்கருக்குக் கெடுபிடி வந்தப்பவே பாதி உயிர் போச்சு, மீதியை டிஜே பாக்ஸ்காரங்க முடிச்சு வச்சாங்க. அந்தப் பேரன் எனக்கு நாலு வயசு மூத்தவர், நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். வீட்டு அட்டத்துல கிடந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒண்ணைப் போட்டோ எடுத்து ஓஎல்எக்ஸ்ல போட்டிருக்கார். ஈரோட்டுல இருந்து ஒரு புரோக்கர் பார்த்துட்டு ஓடி வந்தாராம். பெங்களூர்ல ஒரு பார்ட்டி இருக்கு, கிடார் வாசிக்கிறவர், பழைய வால்வு ஆம்ப் சேகரிக்கிறார், 1952 மாடல்னு உறுதியாச்சுன்னா நாப்பத்தஞ்சாயிரம் தருவார், அறுபதுல செஞ்சதுன்னா இருபதுக்கு மேல ஒரு பைசா பெயராது. இதுதான் பேச்சு.

எப்படி 1952? பின்பக்கம் தகட்டுல குத்தியிருக்கிற சீரியல் நம்பர் 5217. ஐம்பத்தி ரெண்டாம் வருஷம், பதினேழாவது வாரம். புரோக்கர் அடிச்சுச் சொல்றார். போதாததுக்கு வீட்டுலயும் ஒரு கதை இருக்கு. "மொத எலெக்‌ஷனுக்கு ஓடின செட்டுடா இது"ன்னு அப்பாரு சொல்லிக்கிட்டே இருப்பாராம். நாட்டுல முதல் பொதுத் தேர்தல் 1951-52. கணக்கு கச்சிதமா உக்காருதா?

"தம்பி, நீதான் பழைய ரேடியோ அது இதுன்னு பிளாக்ல எழுதறியே. இது 52தான்னு ஒரு பக்கம் எழுதிப் போடு கண்ணு. பெங்களூர்க்காரர் பார்த்தாருன்னா நம்புவாரு. பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டோணும்."

இப்படிக் கேட்டா எப்படிங்க மறுக்கறது?

திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்னேன். அங்கதான் ஆரம்பிச்சது வம்பு.

முதல்ல இந்தச் சீரியல் நம்பர் ஜோசியம் எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிடறேன். எல்லாம் அமெரிக்கக்காரன் ஃபெண்டரும் வெள்ளைக்காரன் மார்ஷலும் பண்ணின வேலை. ஃபெண்டர் கம்பெனியை 1965 ஜனவரியில சிபிஎஸ்ங்கிற பெரிய நிறுவனம் வாங்கிடுச்சு. அதுக்கு முன்னாடி செஞ்ச ஆம்ப்னா ஒரு விலை, பின்னாடி செஞ்சதுன்னா ஒரு விலை. ஒரே பெட்டி, ஒரே சர்க்யூட்டா இருந்தாலும் தேதி மாறினா பல லட்சம் மாறும். அதனால ரசிகர்கள் உக்காந்து, எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் எந்த வருஷம்னு பட்டியல் போட்டாங்க. மார்ஷல்ல இன்னும் சுலபம், 1969 நடுவுல இருந்து சீரியல் நம்பரோட ஒரு எழுத்தைச் சேர்த்தாங்க. சி வந்தா 1971, டி வந்தா 1972.

ஆனா அந்த ஃபெண்டர் பட்டியல் போட்டவங்களே என்ன சொல்றாங்க தெரியுமா? நம்பரை மட்டும் நம்பாதேங்கறாங்க. நம்பர் குத்தினது சேஸிஸ் தகட்டுல. குத்தின தகடுகளை அடுக்கி வச்சு, கைக்கு வந்ததை எடுத்து வேலை பார்த்திருக்காங்க. மேல இருக்கறது முதல்ல போகும், அடியில கிடக்கறது எப்பவோ போகும். நம்ம ரேஷன் கடை மூட்டை கதைதான். முன்னாடி நம்பர் பின்னாடியும், பின்னாடி நம்பர் முன்னாடியும் வெளிய வந்திருக்கு.

அப்ப அவங்க எதை நம்பறாங்க? உள்ள இருக்கிற சில்லறைச் சாமானை. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், வால்யூம் கன்ட்ரோல் மூணுலயும் அமெரிக்காவுல ஒரு பொதுக் குறி உண்டு. முதல்ல செஞ்ச கம்பெனியோட எண், அப்புறம் வருஷம், அப்புறம் வாரம். 137னா சிடிஎஸ், 606னா ஷூமாக்கர், 220னா ஜென்சன் ஸ்பீக்கர். 137 6422ன்னு வால்யூம் கன்ட்ரோல் முதுகுல இருந்தா 1964, இருபத்தி ரெண்டாவது வாரம். ஃபெண்டர்ல இன்னொண்ணும் உண்டு. பெட்டிக்குள்ள ஒட்டின வால்வு சார்ட் காகிதத்துல ரெண்டு எழுத்து ரப்பர் ஸ்டாம்ப். முதல் எழுத்து வருஷம், ஏ-ன்னா 1951, அப்படியே எண்ணிக்கிட்டு வரணும். ரெண்டாவது எழுத்து மாசம். என்எல்னு குத்தியிருந்தா 1964 டிசம்பர், சிபிஎஸ் கைக்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. விலை கூரையைப் பிச்சுக்கும்.

இதுலயும் ஓட்டை இருக்கு. 1966ல ஃபெண்டர்காரங்க வால்யூம் கன்ட்ரோல் மூட்டை மூட்டையா வாங்கிப் போட்டுட்டாங்க. அந்தச் சரக்கு தீரவே வருஷக்கணக்காச்சு. 1968ல செஞ்ச சாமானுக்குள்ள 1966 தேதி போட்ட கன்ட்ரோல் இருக்கும். அதாவது, உள்ள இருக்கிற தேதி "இதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது"ன்னுதான் சொல்லும். "அன்னைக்கேதான் செஞ்சது"ன்னு சொல்லாது. இந்த ஒரு வரியை மண்டையில ஏத்திக்கிட்டீங்கன்னா மிச்சப் பதிவைப் படிக்காமலே போகலாம். (போயிடாதீங்க, பின்னூட்டம் போட ஆளில்லாமப் போயிடும் :-) )

நாலு இலக்கத்தைப் பார்த்ததும் வருஷம் வாரம்னு பிரிக்கிறது ஒரு வியாதி. எனக்கும் இருந்துச்சு, மறைக்கல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு டேப் ரெக்கார்டரைத் திறந்து, 7812ன்னு போட்ட சாமானைப் பார்த்துட்டு "1978, பன்னெண்டாவது வாரம்"னு நண்பர்கிட்ட பெருமையாச் சொன்னேன். அது பன்னெண்டு வோல்ட் ரெகுலேட்டர் ஐசியோட பேரு. எந்த வருஷம் செஞ்சாலும் 7812தான். நண்பர் ரேடியோ மெக்கானிக், சிரிக்காமப் பெருந்தன்மையா "அப்படியா சார்"னு கேட்டுக்கிட்டார். இன்னைக்கு நினைச்சாலும் வெக்கம் பிடுங்குது.

இப்ப நம்ம 5217க்கு வருவோம்.

கம்பெனி பேர் வேண்டாம். மெட்ராஸ்ல அந்தக் காலத்துல அசெம்பிள் பண்ணி வித்த செட்டு, பதினஞ்சு வாட். ரெண்டு மைக், ஒரு கிராமபோன் இன்புட். கிடார்க்காரர் ஏன் இதைத் தேடறார்னு கேக்கறவங்களுக்கு: நம்மூர் மேடைகள்ல கிடார்க்காரருக்குன்னு தனி ஆம்ப் இருந்தது ரொம்ப அபூர்வம். பாட்டுக்காரருக்கு ஒரு மைக், ரெண்டாவது மைக் ஓட்டையில கிடார் வயர், அவ்வளவுதான் ஏற்பாடு. வால்வைக் கொஞ்சம் அழுத்தினா வர்ற அந்தக் கரகரப்புக்குத்தான் இன்னைக்குக் காசு.

அடித்தகட்டைக் கழட்டினேன். தூசி, கரப்பான் முட்டை, ஒரு பல்லி எலும்புக்கூடு. நாலு வால்வு. கடைசியில ரெண்டு ஈஎல்84, முன்னாடி ரெண்டு ஈசிசி83. அங்கேயே எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சு.

ஈஎல்84 வால்வு ஐரோப்பாவுலயே கடைக்கு வந்தது ஐம்பதுகளோட நடுவுலதான். 1952 ஏப்ரல்ல மெட்ராஸ்ல ஒருத்தர் அதைப் போட்டு ஆம்ப்ளிஃபையர் செஞ்சிருக்க வழியே இல்லை. "வால்வை அப்புறமா மாத்தியிருப்பாங்க"ன்னு புரோக்கர் சொன்னார். நல்ல கேள்விதான். வால்வு சைக்கிள் டயர் மாதிரி, தேய்ஞ்சா மாத்தறதுதான். இதுலயே மூணு வால்வு நம்ம பெங்களூர் பெல் கம்பெனியோடது, பெல் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சதே 1961ல. நாலாவது முல்லார்ட், அடியில பி4டி2ன்னு மங்கலாத் தெரிஞ்சுது. அதுக்கு இங்கிலாந்து பிளாக்பர்ன் ஃபேக்டரி, நாலுல முடியற வருஷம், நாலாவது மாசம், ரெண்டாவது வாரம்னு அர்த்தம். எந்தப் பத்தாண்டுன்னு அது சொல்லாது. இதெல்லாம் மாத்தினதா இருக்கலாம், ஒத்துக்கறேன்.

ஆனா சாக்கெட்? வால்வை மாத்தலாம், அது உக்கார்ற ஓட்டையை எப்படி மாத்துவீங்க? பழைய 6எல்6, 6வி6 எல்லாம் எட்டு கால், பெரிய ஓட்டை. ஈஎல்84க்கு ஒன்பது கால், சின்ன ஓட்டை. இந்தத் தகட்டுல குத்தினதே சின்ன ஓட்டைதான், சாக்கெட்டை ரிவெட் அடிச்சிருந்தது, ரிவெட்டைச் சுத்தி பெயிண்ட்கூட உரியலை. பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தா 8-64ன்னு குத்தியிருக்கு. அது சேஸிஸ்ல கம்பெனிக்காரன் முறுக்கி விட்ட முறுக்கு, ஒரு தடவைகூட நிமித்தின அடையாளம் இல்லை. ஆக, 1964 ஆகஸ்டுக்கு முன்னாடி இந்தப் பெட்டி பிறக்கலை.

5217 அந்தக் கம்பெனியோட வரிசை எண்ணா இருக்கலாம், மாடல் கணக்கா இருக்கலாம். வருஷம் மட்டும் இல்லை.

எனக்கு இதுல பிடிச்ச பகுதி இனிமேத்தான். வெளிநாட்டுக்காரன் குறியெல்லாம் நம்ம பெட்டிக்கு முழுசா உதவாது. நமக்குன்னு வேற குறி இருக்கு, நாம அதைப் பார்க்கறதில்லை.

மரப்பெட்டி மூடியில அப்பாரு ஆள் வச்சு எழுதின எழுத்து: ஒலிபெருக்கி நிலையம், பள்ளிபாளையம், சேலம் ஜில்லா. இந்த "நிலையம்"ல வர்ற லையும் "பாளையம்"ல வர்ற ளையும் தும்பிக்கை தூக்கின பழைய எழுத்து. நம்மள்ல சீனியர் பதிவர்களுக்குப் பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கும். எம்ஜிஆர் ஆட்சியில 1978 அக்டோபர்ல எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து பதிமூணு எழுத்து மாறுச்சு, லையும் ளையும் அதுல அடக்கம். பாருங்க, எங்க ஊர் பேருக்குள்ளயே ஒரு தேதி முத்திரை இருக்கு! புது ளை இருந்தா பெரும்பாலும் 1978க்கு அப்புறம் எழுதினது. பழைய ளை இருந்தா? அவசரப்படக் கூடாது, கை பழகின பெயிண்டர்கள் எண்பதுகள் முழுக்கப் பழசையே எழுதினாங்க. இன்னொரு சிக்கல், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈரோடு. அங்க இருந்து கிளம்பின குடி அரசு 1935லேயே புது எழுத்துக்கு மாறிடுச்சு. மைக் செட்காரர் பெரியார் கட்சிக்காரரா இருந்து தொலைச்சா மொத்தக் கணக்கும் போச்சு. :-)

மாவட்டப் பேர் இன்னும் கெட்டி. எங்க ஊர் 1996 முடியற வரைக்கும் சேலம் மாவட்டம், 1997 ஜனவரி 1ல இருந்து நாமக்கல். ஈரோடு 1979 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டத்துல, அப்புறம் பெரியார் மாவட்டம், 1996ல ஈரோடு மாவட்டம். பெட்டியில "பெரியார் மாவட்டம்"னு எழுதியிருந்தா பதினேழு வருஷத்துக்குள்ள அடக்கிடலாம். கம்பெனித் தகட்டுல "மெட்ராஸ்-2"ன்னு மட்டும் இருந்துச்சு. அதுவே ஆறு இலக்கமாகி 600002ன்னு வந்திருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம், அன்னைக்குத்தான் பின்கோடு வந்தது. "மதராஸ் ஸ்டேட்"னு இருந்தா அந்தப் பேர் 1969 ஜனவரி வரைக்கும்தான். விலைச்சீட்டுல நயா பைசா இருந்தா 1957க்கு அப்புறம். இதுல எதுக்கும் ஃபெண்டர் பட்டியல் தேவையில்லை, நம்ம தாத்தா பாட்டி வாழ்ந்த ஊர் சரித்திரம் தெரிஞ்சாப் போதும்.

அண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன். முகம் சுருங்கிடுச்சு.

"அறுபத்தி நாலா? அப்பாரு பொய் சொன்னாரா அப்ப?"

இதுக்குத்தான் நான் பயந்தேன். காசு போனதுகூடப் பெரிசில்லை, செத்துப்போன மனுசனைப் பொய்யனாக்கிட்டோமேன்னு இருந்துச்சு. "பேசாம இருந்திருக்கலாமே கண்ணு, உன்னை யாரு தேதி கேட்டா, ஆமாம்னு எழுதுன்னுதானே சொன்னேன்"னார். அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு.

ஒரு வாரம் கழிச்சு அவங்க அம்மா, நான் அத்தைன்னு கூப்பிடுவேன், டிரங்குப் பெட்டியில இருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்துக் குடுத்தாங்க. வீட்டு வரி ரசீது, காட்டுப் பத்திரம் எல்லாத்துக்கும் நடுவுல மஞ்சளடிச்ச ஒரு பில். ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு, நம்பர் 5217, பேனாவுல எழுதினது. தேதி 1965 மார்ச்.

அப்பாரு பொய் சொல்லலைங்க. 65ல வாங்கின செட்டு மொத மொதல்ல பார்த்த பொதுத் தேர்தல் 1967. "மொத எலெக்‌ஷன்"னு அவர் சொன்னது இந்த செட்டோட மொத எலெக்‌ஷனை. கேட்டவங்க அதை நாட்டோட மொத எலெக்‌ஷனாக்கிட்டாங்க. இது என் ஊகம்தான், ஆனா அந்த 67 தேர்தல்ல நம்ம ஊர்ப்பக்கம் எவ்வளவு மைக் அலறியிருக்கும்னு யோசிச்சா, அவர் அதைச் சொல்லாம வேற எதைச் சொல்லியிருப்பார்?

இந்த இடத்துல சீரியல் நம்பரோட நிஜமான வேலை என்னன்னு எனக்கு உறைச்சுது. அது வயசு சொல்றதுக்கு இல்லை, இந்தக் காகிதம் இந்தப் பெட்டிக்குத்தான்னு முடிச்சுப் போடறதுக்கு. அந்த நாலு இலக்கம் இல்லைன்னா அந்த பில் ஏதோ ஒரு ஆம்ப்ளிஃபையரோட பில், அவ்வளவுதான்.

ரேடியோவுக்கும் இதே கதைதான். எங்க வீட்டு வால்வு ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் இருக்கு. எண்பதுகளோட நடுவுல அரசாங்கம் அந்த லைசென்சை எடுத்துடுச்சு, அதுவரைக்கும் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை வாங்கணும். முதல் பக்கத்துல செட்டோட கம்பெனி, மாடல், நம்பர் மூணையும் எழுதியிருக்கு. முத்திரையில ஊர் பேர், தேதி. இதைவிட ஒரு ஜாதகம் வேணுமா? ஆனா பழைய ரேடியோ வாங்கறவங்க இந்தப் புத்தகத்தைக் கேக்கறதே இல்லை. விக்கறவங்க முதல்ல எடைக்குப் போடறதும் இதைத்தான்.

"ஒரு பொய்த் தேதி, பெங்களூர்க்காரருக்கும் சந்தோஷம், பாப்பாவுக்கும் பீஸ், உனக்கென்னய்யா நட்டம்?"னு என் வீட்டம்மாவே கேட்டாங்க. நட்டம் இருக்குங்க. நான் 5217ன்னா 1952ன்னு எழுதிட்டா அது தேடல்ல வந்து நிக்கும். நாளைக்கு மதுரையில ஒருத்தர் 5340 நம்பர் வச்சுக்கிட்டு 1953ன்னு விப்பார். இன்னொருத்தர் ரெண்டையும் சேர்த்துப் பட்டியல் போடுவார். நம்மூர் செட்டுகளுக்குன்னு யாரும் உருப்படியாப் பட்டியல் போடாத இடத்துல, முதல்ல போடற தப்புதான் ஆதாரமாகும். அப்புறம் அதைத் திருத்த ஒரு தலைமுறை ஆகும்.

இன்னொரு கோவமும் இருக்கு, சொல்லிடறேன். வாங்கினதும் "ரெஸ்டோர்" பண்றேன்னு உள்ள இருக்கிற பழைய கெபாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாத்தையும் வழிச்சுக் குப்பையில கொட்டறாங்க. மாத்துங்க, வேண்டாம்னு சொல்லலை. அறுபது வருஷ எலக்ட்ரோலிடிக்ல கரண்ட் விட்டா வெடிக்கும். ஆனா கழட்டினதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அந்தப் பெட்டிக்குள்ளயே வைங்களேன். அந்த 8-64 டப்பாவைத் தூக்கிப் போட்டிருந்தா நான் எதை வச்சுப் பேசியிருப்பேன்? மூடியில எழுதின எழுத்தைத் தேய்ச்சு வார்னிஷ் அடிக்கிறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியலை.

பெங்களூர்க்காரர்கிட்ட நானே போன்ல பேசினேன். பில்லோட போட்டோ, கெபாசிட்டர் போட்டோ, மூடி போட்டோ எல்லாம் அனுப்பினேன். புரோக்கர் சொன்ன நாப்பத்தஞ்சு போச்சு. காகிதத்தோட சேர்த்து இருபத்தெட்டாயிரம் குடுத்து எடுத்துக்கிட்டார். பில்லையும் கேட்டார். அத்தை ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு அசலைக் குடுத்தாங்க, குடுக்கும்போது அதுல இருந்த கையெழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கிட்டாங்க.

பதினேழாயிரம் நட்டம். பீஸுக்கு அண்ணன் வெளிய வட்டிக்கு வாங்கினார்னு கேள்வி. தெருவுல பார்த்தா "வா தம்பி"ன்னு சொல்றதோட சரி, நின்னு பேசறதில்லை.

உங்க யார் வீட்டுலயாவது பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகமோ மைக் செட் பில்லோ இருந்தா, செட் நம்பரும் முத்திரைத் தேதியும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து உங்க பதிவுல போடுங்க. பேர், விலாசத்தை மறைச்சுடுங்க. நான் தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வரேன், இதுவரைக்கும் என்னோடது ஒண்ணு, இந்த 5217 ஒண்ணு, ஆக மொத்தம் ரெண்டு.

பி.கு: அவங்க அட்டத்துல இன்னொரு பெட்டி இருக்கு, டிரான்சிஸ்டர் செட்டு. மூடியில "பெரியார் மாவட்டம்"னு பாதி தெரியுது, ஆத்துக்கு அந்தப் பக்கம் யாருகிட்டயோ செகண்ட் ஹேண்டா வாங்கியிருக்கணும். அண்ணன் பேச ஆரம்பிச்சதும்தான் திறக்கக் கேக்கணும்.